மகளுக்கு ஓட்டக் கடிகாரம் வாங்கித் தரலாமா? கடற்கரைப் பக்கம் ஓடுபவர்கள் சொல்லுங்கள்

மண்டபம் அப்பா:

எல்லோருக்கும் வணக்கம். மண்டபம் பக்கம் காலையில் ஓடுகிறவன் நான். வேலை கம்ப்யூட்டரோடு, பெரும்பாலும் வீட்டிலிருந்தே. மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். கோடை விடுமுறையில் "நானும் வர்றேன்ப்பா" என்று கூட வர ஆரம்பித்தவள், பள்ளி திறந்த பிறகும் விடவில்லை. சனி, ஞாயிறு வந்தால் எனக்கு முன்னால் எழுந்து ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். ஒரு அப்பாவுக்கு இதைவிட என்ன வேண்டும்.

இப்போது என் கையில் இருப்பது மாதிரியே தனக்கும் ஒரு ஜிபிஎஸ் கடிகாரம் வேண்டும் என்கிறாள். பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். வாங்கித் தந்தால் அவளுக்கு என்ன கிடைக்கும், என்ன போய்விடும் என்பதுதான் என் யோசனை. தொழில்நுட்பத்தின் மேல் எனக்குப் பிரியம் உண்டு. ஒரு கருவி கையில் கிடைத்தால் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. அந்த ஆர்வம் அவளுக்கும் வர வேண்டும் என்று ஆசை. திரையில் தெரியும் எண்ணை அப்படியே நம்புகிற பழக்கம் மட்டும் வந்துவிடக் கூடாது.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் ஓடுவது நெடுஞ்சாலை ஓரத்து மண் தடத்தில். எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எப்போதும் வலப்பக்கம். ராமேஸ்வரம் போகிற வேன்களும் பஸ்களும் வர ஆரம்பிப்பதற்குள் முடித்துவிடுவோம். மஞ்சள் தலை வைத்த கிலோமீட்டர் கற்களுக்கு நடுவே 2, 4, 6, 8 என்று எழுதிய குட்டிக் கற்கள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். இத்தனை காலம் அதைக் கடந்து போயிருக்கிறேன், நின்று பார்த்ததில்லை. அவள் பார்த்தாள். "ஏம்ப்பா ஒண்ணு விட்டு ஒண்ணு நம்பர்?" என்றாள். ஒவ்வொரு கல்லுக்கும் 200 மீட்டர், 2 என்றால் 200, 4 என்றால் 400 என்று சொன்னேன். அவ்வளவுதான், அதற்கப்புறம் கல்லுக்குக் கல் ஓட்டம். ஒரு பெரிய கல்லில் ஆரம்பித்து அடுத்த பெரிய கல்லை நெருங்கும்போது, கல் வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே என் கடிகாரம் அதிர்ந்து ஒரு கிலோமீட்டர் முடிந்தது என்றது. அவள் நின்றுவிட்டாள். "கல்லு தப்பா, வாட்ச் தப்பா?"

இந்தக் கேள்வியை அணையவிடாமல் வைத்திருக்கக் கடிகாரம் உதவுமா, தடுக்குமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சவுக்குத்தோப்பு:

அண்ணே, நான் உச்சிப்புளி. அரியமான் பக்கம் ஓடுவேன். வாங்கிக் கொடுங்கள் என்பதுதான் என் பதில். பிள்ளைக்கு ஆர்வம் வந்திருக்கும்போதே கொடுத்துவிட வேண்டும்.

கல் விஷயத்துக்கு வருகிறேன். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து கிளம்பும் சிக்னல் நம்மிடம் வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்துக் கடிகாரம் தூரத்தைக் கணக்கிடுகிறது. இடத்தைப் பிடிக்கக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள் தேவை. கட்டடமோ மலையோ இல்லாத நம் கடற்கரையில் வானம் முழுக்கத் திறந்து கிடப்பதால் சிக்னல் நன்றாகவே கிடைக்கும். இருந்தாலும் ஒவ்வொரு புள்ளியும் சில மீட்டர் இப்படி அப்படி விழும். நாம் நேராக ஓடினாலும் புள்ளிகளைச் சேர்த்து வரையும் கோடு வளைந்து வளைந்து போகும். வளைந்த கோடு நேர்க்கோட்டைவிட நீளம்தானே. அதனால்தான் பெரும்பாலும் கல்லுக்கு முன்னாலேயே மணி அடிக்கிறது. சாலையை அகலப்படுத்தும்போது கற்களும் இடம் மாறுவது உண்டு, ஆகவே கல்லையும் முழுசாக நம்ப முடியாது.

இதை விளக்கிச் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைக் கையில் கட்டுங்கள். நன்றாகப் புரிந்துகொள்வாள்.

சைக்கிள் வாத்தியார்:

உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், ராமநாதபுரம். தம்பியின் மகள் கேட்ட கேள்விக்கு ஒரு வழி சொல்கிறேன்.

மாரத்தான் தூரம் 42.195 கிலோமீட்டர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம் அது, 1921-ல் நிலையான அளவாக ஏற்கப்பட்டது. இன்றைக்கும் முறையான சாலை ஓட்டப் பந்தயப் பாதையை அளக்க சைக்கிளைத்தான் பயன்படுத்துகிறார்கள், ஜிபிஎஸ்ஸை ஏற்பதில்லை. முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுன்ட்டர் என்ற சின்னக் கருவியைப் பூட்டுவார்கள். சக்கரம் எவ்வளவு சுழன்றது என்பதை அது நுணுக்கமாக எண்ணும். முதலில் இரும்பு டேப்பால் ஒரு நேர்ச் சாலைத் துண்டை அளந்து வைத்துக்கொள்வார்கள். அதன்மேல் சைக்கிளைப் பலமுறை ஓட்டி, இந்தச் சக்கரத்துக்கு ஒரு கிலோமீட்டர் என்றால் இத்தனை எண்ணிக்கை என்று கண்டுபிடிப்பார்கள். அப்புறம்தான் பந்தயப் பாதை. பாதை குறைந்துபோய்விடக் கூடாது என்று ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு மீட்டர் கூடுதலாகவே சேர்ப்பார்கள்.

வீட்டில் கவுன்ட்டர் வேண்டாம், சாக்பீஸ் போதும். முன்சக்கரத்தின் வால்வு தரையைத் தொடும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். நேராக உருட்டி, வால்வு மறுபடி கீழே வரும் இடத்தில் இன்னொரு கோடு. நடுவில் உள்ளதுதான் சுற்றளவு. 26 அங்குலச் சக்கரம் என்றால் 2 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம் வரும், 200 மீட்டருக்குச் சுமார் 97 சுற்று. உங்கள் 2, 4, 6, 8 கற்களை அவளே சோதிக்கலாம். கட்டட வேலை செய்பவர்களிடம் 30 மீட்டர் டேப் இருக்கும், கேட்டால் தருவார்கள்.

இதைச் செய்து முடித்த பிள்ளை, கடிகாரம் கையில் வந்தாலும் அதைச் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

ஏர்வாடி நடையன்:

நல்ல பேச்சு. எனக்கு ஒரு சின்னக் கேள்வி. நான் மணலில் ஓடினால் கடிகாரத்தில் வேகம் பாதாளத்துக்குப் போகிறது, ஆனால் மூச்சு வாங்குவது அதிகம். என் உடம்பில் கோளாறா, மணலில் கோளாறா? அப்புறம் பிள்ளைகளை இந்த வெயிலில் ஓடவிடுவது பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

வாடைக்காற்று:

பாம்பன். கடல் தொழில் எங்களுக்கு. நான் ஓடுகிறவன் இல்லை, ஆனால் ஜிபிஎஸ் பற்றி எனக்கும் சொல்ல இருக்கிறது.

எங்கள் அப்பா காலத்தில் மீன் கிடைக்கும் பார் (கடலடிப் பாறைத் திட்டு) எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கரையைத்தான் பார்ப்பார்கள். கோயில் கோபுரமும் ஒரு பனையும் ஒரே நேரில் வர வேண்டும். இந்தப் பக்கம் இன்னொரு ஜோடி அடையாளமும் நேராக வர வேண்டும். இரண்டு கோடும் வெட்டுகிற இடம்தான் பார். ஆழத்துக்குக் கயிறு விட்டு, இரண்டு கையையும் விரித்துப் பாகம் பாகமாக அளப்பார்கள். நாங்கள் இப்போது பாரின் மேலே போய் நின்று ஜிபிஎஸ்ஸில் பாயின்ட் போட்டு வைத்துக்கொள்கிறோம். இருட்டானாலும் மழையானாலும் அதே இடத்துக்கு வந்துவிடலாம். படகுகளுக்கு இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டரும் கொடுத்திருக்கிறார்கள். போன் டவர் எட்டாத இடத்திலும் அதில் தகவல் அனுப்பலாம். இலங்கை எல்லை இவ்வளவு பக்கத்தில் இருக்கும் கடலில் இதெல்லாம் உயிர் காக்கிற விஷயம், குறை சொல்லவே மாட்டேன்.

ஆனால் ஒன்று. ஒருமுறை நடுக்கடலில் எங்கள் ஜிபிஎஸ் பெட்டி அணைந்துவிட்டது. படகில் இருந்த சின்னப் பையன்களுக்கு எந்தப் பக்கம் கரை என்றே சொல்லத் தெரியவில்லை. கூட இருந்த பெரியவர் முகத்தில் படுகிற காற்றையும் அலை வரும் திசையையும் பார்த்துக் கொண்டுவந்து சேர்த்தார். அதிலிருந்து என் மகனுக்கு இரண்டையும் சொல்லித் தருகிறேன். பெட்டியில் பாயின்ட் போடும்போது கரையில் என்ன தெரிகிறது என்று வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும்.

உங்கள் மகளிடம் காற்றைக் கேளுங்கள். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கிழக்கே ஓடினால் முதுகில் தள்ளும், திரும்பும்போது நெஞ்சில் முட்டும். கடிகாரம் போகும்போது நல்ல வேகம், வரும்போது மோசம் என்று காட்டும். இரண்டும் ஒரே உழைப்பு. காலையில் கடல் ஓசை 90.4 வானொலியில் கடல் நிலவரம் சொல்வார்கள், அதையும் கேட்கப் பழக்குங்கள்.

கீழக்கரை உம்மா:

மண்டபம் காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்), நான் சுபுஹு தொழுதுவிட்டு ஓடுகிற ஒரு தாய். நீங்கள் யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கும் வயதுக்கு வரப்போகிற மகள் இருக்கிறாள்.

கடிகாரம் மட்டும் இருந்தால் பிரச்சினை இல்லை. ஜிபிஎஸ் என்பது செயற்கைக்கோளிடமிருந்து வாங்குவது மட்டும்தான், அதற்கு எதையும் அனுப்புவதில்லை. ஆனால் அந்தக் கடிகாரத்தோடு ஒரு செயலி வருமே, அதுதான் கவனிக்க வேண்டிய இடம். பிள்ளை எந்த வாசலில் கிளம்பினாள், எத்தனை மணிக்கு, எந்தத் தெருவில் திரும்பினாள் என்று எல்லாமே அதில் ஏறிவிடும். ஓட்டத்தைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலி வெளியிட்ட உலக ஓட்ட வரைபடத்தில் பல நாட்டு ராணுவ முகாம்களின் சுற்றுப்பாதை ஒளிக்கோடாகத் தெரிந்தது 2018 ஜனவரியில் பெரிய செய்தி ஆனது. ராணுவ வீரர்களுக்கே அந்த நிலை என்றால், தினம் ஒரே நேரத்தில் ஒரே பாதையில் ஓடுகிற பெண் பிள்ளைக்கு எவ்வளவு கவனம் வேண்டும்?

வாங்கினால் முதல் வேலையாகக் கணக்கைப் பூட்டுங்கள். யாரும் பார்க்க முடியாதபடி வையுங்கள். வீட்டைச் சுற்றிய தொடக்கமும் முடிவும் தெரியாமல் மறைக்கும் வசதி பெரும்பாலான செயலிகளில் உண்டு, அதைப் போடுங்கள். முடிந்தால் செயலியே இல்லாமல் ஓடட்டும். வாப்பா கூட ஓடுகிற பிள்ளைக்கு ஊர் கைதட்டல் எதற்கு?

சவுக்குத்தோப்பு:

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதை நான் யோசிக்கவில்லை.

ஆனால் அண்ணே, ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சைக்கிள் சுற்றளவு, காற்றுத் திசை, கோபுரம், பாகம் என்று போனால் கடைசியில் பிள்ளைக்கு இது இன்னொரு டியூஷன் ஆகிவிடும். என் அப்பா எதைத் தொட்டாலும் பாடம் எடுப்பார். கேரம் போர்டில்கூடக் கோணம் சொல்லித் தந்தார். நான் கேரம் விளையாடுவதையே விட்டுவிட்டேன். அவள் உங்களோடு வருவது நீங்கள் அங்கே இருப்பதால்தான். கணக்குக்காக இல்லை.

மண்டபம் அப்பா:

தம்பி, நீங்கள் எழுதியது என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. நீங்கள் சொல்லும் அந்த அப்பாவைப் போல நானும் ஆகிவிடக் கூடும். அதனால் அவளிடமே கேட்டேன், "உனக்குக் கணக்கு போடணுமா, சும்மா ஓடணுமா?" என்று. "ஓடும்போது சும்மா, திரும்பி நடக்கும்போது கணக்கு" என்றாள். எனக்கு இது நல்ல ஏற்பாடாகப் படுகிறது, அப்படியே வைத்துக்கொண்டோம். ஓடும்போது நான் வாயைத் திறப்பதில்லை.

நடக்கும்போது செய்து பார்த்தவற்றைச் சொல்கிறேன். முதலில் நாடி. கழுத்தில் இரண்டு விரல் வைத்து 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கச் சொன்னேன். அதே நேரத்தில் என் கடிகாரத்தை அவள் மணிக்கட்டில் கட்டினோம். அடியில் பச்சை வெளிச்சம் மினுக்குகிறதே, ரத்தம் அந்தப் பச்சையை உறிஞ்சும், ஒவ்வொரு துடிப்புக்கும் திரும்பி வருகிற வெளிச்சம் கூடிக் குறைவதை வைத்துத்தான் அது எண்ணுகிறது என்று காட்டினேன். சின்னக் கைக்குப் பட்டை தொளதொளவென்று இருந்தது. விரலில் வந்த எண்ணும் கடிகாரத்தில் வந்த எண்ணும் ஒட்டவே இல்லை. பட்டையை இறுக்கிய பிறகு பக்கத்தில் வந்தது. பட்டை தளர்ந்திருந்தாலோ வியர்வை தேங்கினாலோ சில நேரம் காலடி விழும் தாளத்தையே இதயத் துடிப்பு என்று கடிகாரம் எடுத்துக்கொள்ளும். இது தெரியாமல் மணிக்கட்டில் 170 என்று பார்த்துவிட்டுப் பயப்படுகிற பெரியவர்களே இருக்கிறார்கள். 220-லிருந்து வயதைக் கழி என்கிற கணக்கும் பெரியவர்களை வைத்துப் போட்டது. பிள்ளைகளுக்கு அதைப் பொருத்திப் பார்க்க வேண்டாம். கூட ஓடும்போது அவளால் முழு வாக்கியம் பேச முடிகிறதா என்பதுதான் நான் பார்ப்பது. (அவள் முழுக் கதையே சொல்வாள், அது வேறு விஷயம்.)

அப்புறம் வாத்தியார் சொன்ன சைக்கிள். அவளுடையதில் சாக்பீஸ் கோடு போட்டுச் சுற்றளவு எடுத்துவிட்டாள். நோட்டில் ஒரு பக்கம் முழுக்க எழுதி வைத்திருக்கிறாள். கல்லுக்குக் கல் எண்ணுவது இந்த ஞாயிறு.

வாடைக்காற்று அண்ணன் சொன்னதும் வேலை செய்தது. பாம்பன் பக்கம் போனபோது பழைய ரயில் பாலத்தைக் காட்டி, அதில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி இருந்ததைச் சொன்னேன். மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் அந்த நாளில் சிக்னல் விழாது, ரயில் நின்றுவிடும். 1914-ல் திறந்த பாலம் அது, பக்கத்திலேயே 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம். புதியதில் நடுத்துண்டு அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் மேலே போகும் என்றதும் அதைப் பார்த்தே தீர வேண்டும் என்று அடம். கப்பல் வரும் நாளில் போய்ப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்து தானாகவே ஒரு குச்சியில் துணி கட்டி மாடியில் வைத்திருக்கிறாள், காலையில் எந்தப் பக்கம் ஓடுவது என்று அதைப் பார்த்துத்தான் முடிவு. எதிர்காற்றில் போய், முதுகுக் காற்றில் திரும்ப வேண்டுமாம். களைத்த பிறகு காற்று தள்ளினால் நல்லது என்று அவளே கண்டுபிடித்தது.

ஏர்வாடி நண்பருக்கு: உடம்பில் கோளாறில்லை. உலர்ந்த மணலில் ஓட, கெட்டித் தரையைப்போல் ஏறத்தாழ 1.6 மடங்கு சக்தி செலவாகிறது என்று 1998-ல் அளந்து எழுதியிருக்கிறார்கள். கால் புதைந்து மணலை நகர்த்தவும் கொஞ்சம் சக்தி போகிறது. அலை நனைத்துவிட்டுப் போன ஈர மணலில் ஓடிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். பிள்ளைகளை வெயிலில் ஓட்டக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை. நம் கடற்கரையில் வெயிலைவிட ஈரக்காற்றுதான் மோசம். வியர்வை வழிகிறது, ஆனால் ஆவியாகாது. ஆவியானால்தான் உடம்பு குளிரும். விடியும் நேரத்தில் ஆரம்பித்து வெயில் ஏறுமுன் வீடு. வந்தவுடன் உப்புப் போட்ட மோர், காலம் இருந்தால் நுங்கு. நிறைய வியர்த்திருந்தால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு முக்கியம், கண்ணளவில் போட வேண்டாம்.

ஓடிவிட்டு வந்ததும் ஷூவின் அடியைப் பார்க்கவும் பழக்கியிருக்கிறேன். இங்கே சாலை ஓரம் முழுக்கச் சீமைக்கருவை. முள் அடி நுரையில் ஏறி உள்ளேயே ஒடிந்து நிற்கும், முதல் நாள் தெரியாது. நுரை அமுங்க அமுங்க மேலே வந்து அடுத்த வாரம் பாதத்தில் குத்தும். முனை வளைந்த ட்வீஸர் ஒன்று எங்கள் செருப்பு அலமாரியில் நிரந்தரமாக இருக்கிறது. எந்தக் கடிகாரமும் இதைச் சொல்லாது.

கடிகாரம் பற்றி என் முடிவு: இப்போதைக்கு வாங்கவில்லை. சிம் இல்லாத பழைய போன் ஒன்று வீட்டில் இருக்கிறது. சிம் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். இடுப்புப் பட்டையில் செருகி ஓடட்டும். பதிவாகும் ஜிபிஎக்ஸ் கோப்பை எங்கேயும் ஏற்றாமல் கம்ப்யூட்டரில் திறந்து எழுத்தாகவே காட்டினேன். ஒவ்வொரு வரியிலும் அட்சரேகை 9 சொச்சம், தீர்க்கரேகை 79 சொச்சம், நேரம். அவ்வளவுதான் உள்ளே இருக்கிறது, தூரமும் வேகமும் நாம் கணக்கிடுவது என்றேன். அட்சரேகையில் நான்காவது தசமம் ஒன்று மாறினால் ஏறத்தாழ 11 மீட்டர் என்று சொன்னதும், நாங்கள் ஓடாமல் நின்று கொண்டிருந்த நேரத்துப் புள்ளிகளைத் தேடினாள். நின்ற இடத்திலேயே நாங்கள் அங்குமிங்கும் நகர்ந்திருப்பதாகப் பதிவாகியிருந்தது. "நாம நிக்கிறப்பவே ஓட வைக்குதே!" என்று கத்தினாள். கல்லா, வாட்சா என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அவளே எடுத்துவிட்டாள்.

ஆண்டுத் தேர்வு முடிந்ததும் அப்போதும் ஆசை இருந்தால் வாங்கித் தருவேன். உம்மா சொன்ன பூட்டுகள் எல்லாம் போட்ட பிறகு.

கீழக்கரை உம்மா:

மாஷா அல்லாஹ். அந்தப் பழைய போனில் இருக்கிற பழைய கணக்குகளையும் எடுத்துவிடுங்கள் காக்கா. சிம் இல்லாவிட்டாலும் வீட்டு வைஃபை பிடித்தவுடன் எல்லாம் மேலே ஏறும்.

வாடைக்காற்று:

தனுஷ்கோடி பக்கம் ஓடப்போனால் உங்கள் போனிலும் ரோமிங்கை அணைத்து வையுங்கள். அங்கே இலங்கை டவர் வந்து ஒட்டிக்கொள்ளும், அப்புறம் வீட்டுக்குப் போன் போகாது. ஜிபிஎஸ்ஸுக்கு ஒன்றும் ஆகாது.

சவுக்குத்தோப்பு:

"ஓடும்போது சும்மா" பிடித்திருக்கிறது அண்ணே. ஞாயிற்றுக்கிழமை கல் எண்ண நானும் வரலாமா? என் கடிகாரத்தையும் கொண்டுவருகிறேன், இரண்டு கடிகாரமும் சைக்கிளும் ஒரே பாதையில் என்ன சொல்கின்றன என்று பார்க்கலாம்.

மண்டபம் அப்பா:

தாராளமாக வாருங்கள். விடியும்போது ஆரம்பம், தண்ணீர் நாங்கள் கொண்டுவருகிறோம். எண்ணுவது அவள், நீங்களும் நானும் வண்டி வருகிறதா என்று பார்க்கும் வேலை மட்டும்.

சைக்கிள் வாத்தியார்:

நல்லது. கிளம்பும் முன் டயரில் காற்று நிறைய இருக்கட்டும், குறைந்தால் சக்கரம் அமுங்கிச் சுற்றளவும் குறையும். வெயில் ஏறி டயர் சூடானாலும் அளவு நகரும். அதனால் முடித்தவுடன் அங்கேயே இன்னொரு தடவை சாக்பீஸ் கோடு போட்டுச் சுற்றளவு எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு அளவும் ஒத்துப்போகாவிட்டால் சராசரி. மற்றதை அவள் நோட்டிலிருந்து இங்கே எழுதுங்கள், நான் சரிபார்க்கிறேன்.